நாகசாகிக்கு உத்தரவு கொடுத்தது யார்?

வரலாற்றுப்பூச்சி எழுதியது:

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எல்லாக் குழுமங்களிலும் ஒரே சண்டைதான். ஹிரோஷிமாவில் குண்டு போட்டது சரியா, தவறா? போடாமல் இருந்திருந்தால் பத்து லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. ஜப்பான் ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தது என்று எதிர்க்கட்சி. இரண்டு பக்கத்துக்கும் வசனம் மனப்பாடம். அதை இங்கே மறுபடி ஓட்ட வேண்டாம். எனக்கு வேண்டியது இரண்டாவது குண்டின் கதை.

1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு ஹிரோஷிமா. ஆகஸ்ட் 9 காலை 11:02க்கு நாகசாகி. இடையில் இருந்த மூன்று நாளில் ‘இன்னொன்றும் போடுவோம்’ என்று வாஷிங்டனில் யாராவது கூடிப் பேசி முடிவெடுத்தார்களா? இல்லை. இருப்பது ஜூலை 25 தேதியிட்ட ஒரே ஒரு கட்டளை. அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் தயாரித்தது. தலைமைத் தளபதி மார்ஷல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாட்டில் இருந்ததால், அவர் இடத்தில் இருந்த ஹாண்டி கையெழுத்துப் போட்டு விமானப்படை ஜெனரல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் 3 வாக்கில், வானிலை அனுமதித்ததும், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி இந்த நான்கில் ஒன்றின் மேல் முதல் குண்டு. அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக மற்ற ஊர்களின் மேல். அதிபர் ட்ரூமனின் கையெழுத்து அதில் கிடையாது. எத்தனை குண்டு, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதும் கிடையாது.

இரண்டாவது குண்டை முதலில் 11ஆம் தேதிக்குத்தான் குறித்திருந்தார்கள். 10ஆம் தேதியிலிருந்து வானம் கெடும் என்று தகவல் வந்ததும் 9ஆம் தேதிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஜப்பான் யோசிக்க இருந்த அவகாசத்தில் இரண்டு நாளை மேகம் தின்றுவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான்: அதிபர் தானாக எடுத்த தெளிவான முடிவு போடுவது அல்ல, நிறுத்துவது. அது ஆகஸ்ட் 10. இன்றைக்கு அணு ஆயுதம் யார் கையில், எப்படி இருக்கிறது என்பதற்கான வேர் அந்த நாளில்தான் இருக்கிறது. அடித்துப் பேசலாம், வாருங்கள்.

கறுப்புக்காபி எழுதியது:

பூச்சி சார், தலைப்பிலேயே கொஞ்சம் சூது இருக்கிறது. உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்டுவிட்டு, ஒரே கட்டளைக்குள் இரண்டும் அடக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போர்ச் செயலர் ஸ்டிம்சனும் மார்ஷலும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வெளியே போனது. ட்ரூமனும் அதே போட்ஸ்டாமில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் யாரோ கிளார்க் அனுப்பிய தபால் மாதிரி பேசக் கூடாது.

இரண்டு என்பதற்கும் காரணம் இருந்தது. முதல் குண்டு, ஆயுதம் இருக்கிறது என்று காட்ட. இரண்டாவது, அது கைவசம் இன்னும் இருக்கிறது என்று காட்ட. டோக்கியோவில் கடற்படைத் தளபதி டொயோடா என்ன வாதாடினார் என்று பாருங்கள்: ஒன்று வைத்திருக்கலாம், ஆனால் நிறைய இருக்க வாய்ப்பில்லை. ஒரு குண்டோடு விட்டிருந்தால் அவர் பேச்சுதான் எடுபட்டிருக்கும்.

ஒகினாவாச் சண்டையை மறக்காதீர்கள். ஒரே தீவு. அமெரிக்கத் தரப்பில் 12,000க்கும் மேல் செத்தார்கள், ஜப்பானியப் படையும் ஊர் மக்களும் சேர்ந்து அதைப் போலப் பல மடங்கு. நவம்பர் 1இல் கியூஷுவில் இறங்கத் திட்டம் தயார். அந்த நிலையில் நிறுத்துவது எப்போது என்று கட்டளையில் எழுதி வைத்துக்கொண்டு யார் போர் செய்வார்?

ஈப்போக்காரன் எழுதியது:

மலேசியாவிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியன் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை. காலராவும் பட்டினியும் அடியும். இங்கே பழைய ஆட்களிடம் போய், குண்டு போட்டது நியாயமா என்று கேட்டால் முதலில் உங்களை முறைப்பார்கள். ஜப்பான் சரணடைந்தது அவர்களுக்கு விடுதலை. சீனாவில் அதற்கு மேல். விவாதம் எப்போதும் அமெரிக்கச் சிப்பாய் உயிரா, ஜப்பானியக் குழந்தை உயிரா என்றே நடக்கிறது. நடுவில் செத்துக்கொண்டிருந்த ஆசியா கணக்கிலேயே வருவதில்லை.

குண்டு போட்டது சரி என்று நான் சொல்லவில்லை. கணக்கை முழுதாகப் போடுங்கள் என்கிறேன்.

புழுதி எழுதியது:

ஒரு சந்தேகம். பட்டியலில் கொக்குரா இருக்கிறதே, அது எப்படித் தப்பித்தது?

வரலாற்றுப்பூச்சி எழுதியது:

@ஈப்போக்காரன் அண்ணே, சரியான அடி. மறுக்க ஒன்றுமில்லை.

@புழுதி, 9ஆம் தேதி குறியே கொக்குராதான். அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை. விமானத்தின் பெயர் பாக்ஸ்கார், ஓட்டியவர் சார்ல்ஸ் ஸ்வீனி. கிளம்பும்போதே ஒரு பம்ப் வேலை செய்யவில்லை, பின்பக்கத் தொட்டியில் இருந்த பெட்ரோலை எடுக்க முடியாது. சரி பரவாயில்லை என்று கிளம்பிவிட்டார்கள். யாகுஷிமா தீவுக்கு மேலே துணை விமானம் வரும் என்று முக்கால் மணி நேரம் போலச் சுற்றினார்கள். அது வரவில்லை. கொக்குராவுக்கு மேலே போனால் புகையும் மேகமும். பக்கத்து யவாத்தாவில் முந்தின நாள் போட்ட தீக்குண்டுகளின் புகை என்று சொல்வார்கள். மூன்று முறை சுற்றியும் குறி கண்ணில் படவில்லை. கீழே இருந்து பீரங்கி வேறு. பெட்ரோல் குறைந்துகொண்டே வர, நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். கடைசி நேரத்தில் மேகத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது என்று குண்டை விட்டார்கள். குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி, உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. பக்கத்தில் மிட்சுபிஷி ஆலைகள், இன்னொரு பக்கம் ஜப்பானின் பெரிய கத்தோலிக்கத் தேவாலயம். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தவர்களும் பாதிரியார்களும் உள்ளேயே செத்துப்போனார்கள். குன்றுகள் தடுத்ததால் ஊரின் மறுபக்கம் ஓரளவு பிழைத்தது. அந்த வருட முடிவுக்குள் செத்தவர்கள் சுமார் 74,000. குறி தப்பியும் இவ்வளவு. பிறகு ஒகினாவாவில் போய் இறங்கியபோது டாங்கில் சொட்டுதான் மிச்சம்.

கொக்குரா மக்களுக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோரும் விமானத்தில் உட்கார்ந்துகொண்டே பேசுகிறீர்கள். கொஞ்சம் கீழே இறங்குங்கள்.

ஹிரோஷிமாவில் அன்று காலை 7:09க்குச் சங்கு ஊதியது. வானிலை பார்க்க வந்த ஒற்றை விமானம். 7:31க்கு அபாயம் நீங்கியது என்று அறிவித்துவிட்டார்கள். பதுங்கிடங்களிலிருந்து வெளியே வந்த ஜனம் வேலைக்குக் கிளம்பியது. 8:15க்கு ஊர் முழுக்கத் தெருவில் நின்றது அதனால்தான்.

அதிலும் பள்ளிப் பிள்ளைகள். தீக்குண்டு விழுந்தால் நெருப்பு பரவாமல் இருக்க வீடுகளை வரிசையாக இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலை. அதற்கு அன்று வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள் சுமார் 8,000 மாணவர்கள், பலருக்கு வயது 12, 13. ஏறத்தாழ 6,000 பேர் செத்தார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பையனின் டிபன் பாக்ஸ் இருக்கிறது. அம்மா தேடிப்போய்ப் பார்த்தபோது உடலின் அடியில் கிடந்தது. பார்லியும் சோயாவும் சீவிய உருளைக்கிழங்கும் கலந்து அவர் கட்டிக்கொடுத்த சாப்பாடு உள்ளே அப்படியே கரிக்கட்டி. மூடி திறக்கவே இல்லை.

ட்ரூமன் தன் நாட்குறிப்பில் ஜூலை 25 அன்று என்ன எழுதினார் தெரியுமா? ராணுவ இலக்குகளும் சிப்பாய்களும்தான் குறி, பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று ஸ்டிம்சனிடம் சொல்லிவிட்டதாக. ஹாண்டியின் கட்டளைக்கும் அதே தேதி. குண்டு விழுந்த பிறகு உலகத்துக்குச் சொன்னபோதும் ஹிரோஷிமாவை ராணுவத் தளம் என்றார். அங்கே படைத் தலைமையகமும் துறைமுகமும் இருந்தது உண்மை. ஆனால் குறி வைத்தது அயோய் பாலத்தை. T வடிவத்தில் மேலிருந்து சுலபமாகத் தெரியும் என்பதற்காக, ஊரின் நட்டநடுவில் இருந்த பாலத்தை. அவர் நாட்குறிப்பிடமே பொய் சொன்னாரா, நம்பித்தான் எழுதினாரா? நம்பினார் என்றே நினைக்கிறேன். அது இன்னும் மோசம்.

கொரியர்கள் பற்றி யாரும் பேசவில்லையே. ஜப்பான் தன் ஆலைகளுக்குக் கொண்டுவந்த கொரியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இரண்டு ஊரிலும் இருந்தார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் வைக்கப்பட்டது. உள்ளே கொண்டுவர 1999 ஆனது. செத்தவர்களுக்குள்ளும் வரிசை.

கறுப்புக்காபி எழுதியது:

கரை அக்கா, அதற்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஆனால் அதே வருடம் மார்ச் மாதம் டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் சாதாரணத் தீக்குண்டில் வெந்தார்கள். ஆகஸ்டுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் சாம்பல். ஊரையே கொளுத்துவது அதற்கு முன்பே வழக்கம் ஆகிவிட்டது. ட்ரூமனுக்கு முன்னால் வைக்கப்பட்டது புதிய பாவம் அல்ல, பழைய பாவத்தின் வேகமான வடிவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாகசாகி எதையும் மாற்றவில்லை என்று பூச்சி சார் சொல்லப்போகிறார். ஜப்பானியப் போர் அமைச்சர் அனாமியின் கதையைச் சொல்லட்டும் முதலில்.

வரலாற்றுப்பூச்சி எழுதியது:

சொல்கிறேன், அதற்குத்தானே வந்தது.

ஆகஸ்ட் 9 காலை டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட உச்சப் போர்க்குழு கூடியது. அன்று நள்ளிரவுக்குப் பிறகுதான் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் பாய்ந்திருந்தது. அதுவரை மாஸ்கோ நடுவில் நின்று சமரசம் பேசித் தரும் என்று ஜப்பான் கடைசி நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கயிறும் அறுந்தது. கூட்டத்தில் பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யொனாய் மூவரும், பேரரசர் பதவி ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டு சரணடையலாம் என்றார்கள். போர் அமைச்சர் அனாமியும் தளபதிகள் உமெசுவும் டொயோடாவும் இன்னும் மூன்று நிபந்தனை வேண்டும் என்றார்கள். நடுவில் நாகசாகிச் செய்தி உள்ளே வந்தது. ஒருவர்கூடக் கட்சி மாறவில்லை. மூன்றுக்கு மூன்று அப்படியே நின்றது. இரவு பேரரசர் முன்னிலையில் கூடி, 10ஆம் தேதி விடியற்காலை சுமார் 2 மணிக்கு அவர் வாயால் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

இப்போது அனாமி. சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி ஒருவரை ஜப்பானியர் அடித்து விசாரித்தார்கள். அவருக்கு அணுகுண்டைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாது. உயிர் தப்பினால் போதும் என்று, எங்களிடம் நூறு இருக்கிறது, அடுத்தது டோக்கியோ என்று அளந்துவிட்டார். அனாமி அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மற்றவர்களிடம் சொன்னார். சொன்ன பிறகும் போரைத் தொடரவேண்டும் என்றுதான் வாதாடினார்! நூறு குண்டு என்று நம்பியவரே அசையவில்லை என்றால், இரண்டாவது குண்டு யாரை அசைக்கப் போடப்பட்டது?

பேரரசரை அசைத்தது எது என்பதில் சண்டை தீராது. ஆகஸ்ட் 15 வானொலி உரையில் கொடிய புதுக் குண்டைச் சொன்னார், ரஷ்யாவைச் சொல்லவில்லை. 17ஆம் தேதி படைவீரர்களுக்கு விட்ட அறிக்கையில் ரஷ்யாவைச் சொன்னார், குண்டைச் சொல்லவில்லை. ஆளுக்கேற்ற காரணம்.

கறுப்புக்காபி எழுதியது:

ஹிரோஷிமாவும் சோவியத்தும் சேர்ந்து பேரரசரை அசைத்தன என்றால், நாகசாகி அதன் மேல் ஒரு பாரம். தனியாக எடைபோட முடியாது என்கிறேன், அவ்வளவுதான். கூட்டத்தில் கை தூக்கியதை மட்டும் வைத்து எடை போடுகிறீர்கள்.

புழுதி எழுதியது:

ஆகஸ்ட் 10இல் என்ன நடந்தது? அதைச் சொல்லாமலே போகிறீர்களே.

வரலாற்றுப்பூச்சி எழுதியது:

அன்று குரோவ்ஸ் மார்ஷலுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அடுத்த குண்டு எதிர்பார்த்ததற்கு முன்பே தயார், ஆகஸ்ட் 17 அல்லது 18க்குப் பிறகு வானிலை பார்த்துப் போடலாம் என்று. அதே தாளின் அடியில் மார்ஷல் கையால் எழுதினார்: அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான் மேல் இதைப் போடக் கூடாது. அன்றைக்கு அமைச்சரவையில் ட்ரூமன் நிறுத்தச் சொல்லிவிட்டதாக அறிவித்தார். வர்த்தக அமைச்சர் ஹென்றி வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: இன்னொரு லட்சம் பேரைத் துடைத்தெறிவதை நினைத்தாலே பயங்கரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகளைக் கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்றாராம்.

கரை அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் போலிருக்கிறது. ஜூலை 25இல் குழந்தைகள் குறி இல்லை என்று நம்பியவர், ஆகஸ்ட் 10இல் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார். இடையில் ஹிரோஷிமாவின் சேதப் படங்கள் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டாவது குண்டும் விழுந்துவிட்டது.

அதன் பிறகு அவர் பிடியை விடவில்லை. 1946 அணுசக்திச் சட்டம் குண்டுகளை ராணுவத்திடமிருந்து எடுத்து ஒரு சிவிலியன் ஆணையத்திடம் கொடுத்தது. 1948இல் ராணுவம் திருப்பிக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

கம்பிவேலி எழுதியது:

கிளைக்கதை ஒன்று. அந்த மூன்றாவது குண்டுக்கு வைத்திருந்த புளூட்டோனிய உருண்டை, குண்டு செய்த ஆய்வகம் இருந்த லாஸ் அலமோஸிலேயே தங்கிவிட்டது. ஆகஸ்ட் 21 அன்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹாரி டாக்லியன் கையிலிருந்து ஒரு உலோகக் கட்டி நழுவி அதன் மேல் விழுந்தது. கதிர்வீச்சில் மாதம் திரும்புவதற்குள் இறந்தார். 1946 மேயில் அதே உருண்டை, இந்த முறை லூயிஸ் ஸ்லாட்டின். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது, ஒன்பதே நாளில் முடிந்தது. ஜப்பானுக்குப் போகாத குண்டு தன்னைச் செய்த ஊரிலேயே இரண்டு பேரை எடுத்துக்கொண்டது.

கோப்பாய்க்காரன் எழுதியது:

சட்டப் பக்கம் ஒருவரும் தொடவில்லை, ஆகவே நான். தப்பிப் பிழைத்த ஐந்து பேர் 1955இல் ஜப்பானிய அரசின் மீதே டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காமீது கேட்க வேண்டிய இழப்பீட்டை 1951 சமாதான ஒப்பந்தத்தில் நீ விட்டுக்கொடுத்துவிட்டாய், ஆகவே நீ கொடு என்று. 1963 டிசம்பர் 7 தீர்ப்பு: இரண்டு ஊர்களிலும் குண்டு போட்டது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம். ஆனால் தனிமனிதருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இல்லை. ஷிமோடா வழக்கு என்று தேடினால் கிடைக்கும். வழக்கில் தோற்று, நியாயத்தில் ஜெயித்தார்கள்.

1996 ஜூலை 8 ஹேக் சர்வதேச நீதிமன்றக் கருத்துரை அதைவிட வழவழ. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம். ஒரு நாடு பிழைக்குமா என்ற உச்சகட்டத் தற்காப்பில் மட்டும் எதுவும் முடிவாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். ஏழுக்கு ஏழு, தலைவரின் கூடுதல் வாக்கில்தான் நிறைவேறியது. எங்கள் இலங்கை நீதிபதி வீரமந்திரி அதை ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சூழலிலும், விதிவிலக்கே இல்லாமல் சட்டவிரோதம் என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார். இந்து, பௌத்த, இஸ்லாமிய மரபுகளில் இருக்கும் போர் அறத்தையெல்லாம் எடுத்து வைத்திருப்பார்.

2017இல் 122 நாடுகள் வாக்களித்த தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இலங்கை 2023இல் சேர்ந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட இல்லை. ஜப்பானும் இல்லை! குண்டடி பட்ட நாடு அமெரிக்க அணு ஆயுதப் பாதுகாப்புக் குடையின் கீழ் நிற்கிறது.

மணல்மேடு எழுதியது:

அது கிடக்கட்டும், கூடங்குளத்தில் உலை மேல் உலையாகக் கட்டுகிறார்களே, அதை யாராவது பேசுங்கள்.

நெறியாளர் எழுதியது:

மணல்மேடு, அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே குண்டு மட்டும்.

மேல்மாடி எழுதியது:

ட்ரூமன் நிறுத்தினார் என்று கொண்டாடுவதில் ஒரு சிக்கல். தளபதிகள் கையிலிருந்து பிடுங்கினார், சரி. பிடுங்கி ஒரே ஆள் கையில் வைத்தார். இன்றைக்கும் அமெரிக்க அதிபர் அணு ஆயுதம் ஏவச் சொல்ல நாடாளுமன்றத்தையோ அமைச்சரவையையோ கேட்கத் தேவையில்லை. 1945இல் அது பூட்டு, இன்று அதுவே ஓட்டை. 1950 நவம்பர் 30இல் கொரியப் போரில் அணுகுண்டு பரிசீலனையில் இருக்கிறது என்று பத்திரிகையாளரிடம் சொன்னதும் இதே ட்ரூமன்தான். பதறிக்கொண்டு பிரிட்டிஷ் பிரதமர் அட்லி வாஷிங்டனுக்கு ஓடினார்.

பிறகு இத்தனை வருடம் வெடிக்காமல் இருந்ததில் அதிபர்கள் பங்கு பாதிதான். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் சோவியத் நீர்மூழ்கிக்குள் அணு டார்பிடோவை ஏவ மறுத்தவர் வசிலி அர்கிபோவ். 1983 செப்டம்பர் 26இல் கணினி காட்டிய அமெரிக்க ஏவுகணைகளைப் பொய்யென்று தீர்மானித்தவர் பெட்ரோவ். பெட்ரோவ் சோவியத் லெப்டினன்ட் கர்னல், அர்கிபோவ் ஒரு கடற்படை அதிகாரி.

நம்மூர் நிலவரம்: 2003இல் அறிவித்த கொள்கைப்படி இந்தியா முதலில் பயன்படுத்தாது, உத்தரவு பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவிடம். பாகிஸ்தான் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. 2019 ஆகஸ்டில் பொக்ரானில் நின்று நம் பாதுகாப்பு அமைச்சரே, எதிர்காலத்தில் எப்படி என்பது சூழலைப் பொறுத்தது என்றார். 1998 மே சோதனையில் கலாமும் அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரமும் இருந்தார்கள் என்று இங்கே பலருக்குப் பெருமை. எனக்கும் கலாமைப் பிடிக்கும். ஆனால் 1954 ஏப்ரலில், பிகினித் தீவில் அமெரிக்கா செய்த குண்டுச் சோதனையில் ஜப்பானிய மீனவர்கள் கதிர்ச்சாம்பலில் நனைந்த செய்தி வந்ததும், சோதனைகளை நிறுத்துங்கள் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் நேரு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கறுப்புக்காபி எழுதியது:

மேல்மாடி, இரண்டு பக்கமும் குண்டு இருந்ததால்தான் கார்கில் கார்கிலோடு நின்றது. 1999இல் நம் விமானங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டவே இல்லை. அச்சம் வேலை செய்கிறது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

காபி தம்பி, ஏவுகணை எல்லை தாண்டிவரச் சில நிமிடம்தான் ஆகும் ஊரில், அச்சம் ஒவ்வொரு முறையும் வேலை செய்யவேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த முறை கிடையாது. அப்புறம், அச்சம் என்றால் என்னவென்று சொல்ல இன்னும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். பிழைத்தவர்கள் நாகசாகியில் 1956இல் தொடங்கிய ஹிடான்கியோ அமைப்புக்குத்தானே 2024 அமைதி நோபல் கொடுத்தார்கள். பிழைத்தவர்களை அமெரிக்க ஆய்வு நிலையம் வருடக்கணக்கில் சோதித்துக் குறிப்பெடுத்தது, மருந்து கொடுக்கவில்லை. சொந்த அரசு வைத்தியத்துக்குச் சட்டம் போட 1957 வரை ஆனது. தோலில் தழும்பு இருக்கிறது என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போன வீடுகள் எத்தனையோ. அவர்களின் சராசரி வயது இப்போது 85ஐத் தாண்டிவிட்டது.

புழுதி எழுதியது:

பூச்சி சார், ஒன்று கேட்கலாமா? ஹாண்டி கட்டளையில் நிறுத்தும் வரி இல்லை என்றீர்களே. இன்றைக்கு எந்த நாட்டுக் கொள்கையிலாவது அந்த வரி இருக்கிறதா? முதலில் போடமாட்டோம் என்பது தொடங்குவதைப் பற்றியது. தொடங்கிய பிறகு நிறுத்துவதைப் பற்றி?

வரலாற்றுப்பூச்சி எழுதியது:

புழுதி, இந்த இழையில் வந்த உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். இந்தியக் கொள்கையிலேயே பாருங்கள், நம்மேல் விழுந்தால் திருப்பி அடிப்பது மிகப் பெரியதாக, தாங்க முடியாததாக இருக்கும் என்றுதான் இருக்கிறது. எங்கே நிற்கும் என்று இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து 2010இல் போட்டு, 2026இல் காலாவதியான ஒப்பந்தத்தை ரஷ்யா 2023இலேயே இடைநிறுத்தியது. அதிலும் வரம்பு இருந்தது எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும்தான்.

ஹாண்டி கட்டளை மொத்தமே ஒரு பக்கம். இந்த வாரக் கடைசியில் தமிழில் தட்டிப் போடுகிறேன். காபி சார், அதை வரி வரியாக வைத்துக்கொண்டு மிச்சச் சண்டையைப் போடலாம்.

கறுப்புக்காபி எழுதியது:

போடுங்கள். இரண்டாவது பத்தியிலிருந்து ஆரம்பிப்போம், ‘தயாராகத் தயாராக’ அங்கேதான் வருகிறது.